இம்ப்ளான்ட் வைத்தவர்களுக்கு மவுத்வாஷ்: பல் டாக்டரிடம் கேளுங்கள்

கேள்வி: டாக்டர், கடைவாயில் இம்ப்ளான்ட் வைத்து ஒரு வருஷமாகிறது. இரண்டு வேளையும் மவுத்வாஷ் போட்டுக் கொப்பளிக்கிறேன். ஆனாலும் பிரஷ் பண்ணும்போது அங்கே மட்டும் ரத்தம் வருகிறதே?

பதில்: ஈறோரம் படியும் பிளேக், அதாவது கிருமிப் படிவு, பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருக்கும். கொப்பளித்தால் போகாது, தேய்த்தால்தான் போகும். இயற்கைப் பல்லில் ஈறின் நார்கள் வேரில் ஊன்றியிருக்கும். இம்ப்ளான்ட் என்பது தாடை எலும்பில் பதித்த டைட்டானியச் செயற்கை வேர். அதில் அவை ஊன்றுவதில்லை, சுற்றி அணைத்தபடி நிற்கும், அவ்வளவுதான். அதனால் கிருமி உள்ளே இறங்குவது சுலபம். ஈறு வீங்கி ரத்தம் வருவதோடு நின்றிருந்தால், நன்றாகச் சுத்தம் செய்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். எலும்பு கரையத் தொடங்கிவிட்டால் கதை வேறு. வலிக்கட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். வலியே இல்லாமலும் எலும்பு கரையும். ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். பல்லிடுக்குக்கான குட்டி பிரஷ் ஒன்று வாங்கி, ராத்திரி இம்ப்ளான்ட் மேல் மாட்டிய செயற்கைப் பல்லின் இரண்டு பக்கமும் விட்டு எடுங்கள். கம்பிக்குப் பிளாஸ்டிக் உறை போட்டதாகப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி மவுத்வாஷ் எழுதிக் கொடுத்தார்கள். நன்றாக இருக்கிறதே என்று மாதக்கணக்கில் விடாமல் போடுகிறேன். பல்லெல்லாம் பழுப்பாகிவிட்டது.

பதில்: அது அந்த மருந்தின் கறைதான், டீ, காபி சேர்ந்தால் இன்னும் ஏறும். கிளீனிங்கில் போய்விடும், பயப்படாதீர்கள். நாக்கில் ருசியும் மங்கியிருக்குமே? வழக்கமாக இரண்டு வாரத்துக்குத்தான் இதை எழுதுவோம். 0.2 சதவீத மருந்து என்றால் 10 மி.லி., ஒரு நிமிஷம். பேஸ்ட் போட்டுத் தேய்த்த கையோடு ஊற்றினால் பேஸ்டின் நுரைப்பொருள் மருந்தின் வேலையைக் குறைத்துவிடும். அரை மணி நேரம் விடுங்கள். தினசரிக்கு வேண்டுமென்றால் ஆல்கஹால் இல்லாத சாதாரண மவுத்வாஷ் போதும்.

கேள்வி: நேற்றுதான் இம்ப்ளான்ட் வைத்தார்கள். கொப்பளிக்கலாமா?

பதில்: முதல் 24 மணி நேரம் வேண்டாம், ரத்தக்கட்டு பெயர்ந்துவிடும். அப்புறம் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு. வாயில் வைத்துத் தலையைச் சாய்த்தால் போதும், வேகமாக அலசக் கூடாது.

கேள்வி: அப்பா நல்லெண்ணெய் கொப்பளிக்கிறார். அது போதுமா?

பதில்: கெடுதல் இல்லை, ஆனால் பிரஷ்ஷுக்குப் பதிலாகாது. வாஷ்பேசினில் துப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள், குழாய் அடைத்துக்கொள்ளும்.

கேள்வி: எனக்குச் சர்க்கரை உண்டு, சிகரெட்டும் உண்டு. எந்த மவுத்வாஷ் நல்லது?

பதில்: முதலில் சிகரெட்டை விடுங்கள் சார், சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். பாட்டிலைப் பற்றி அப்புறம் பேசலாம்.