வானம் பார்த்த பெண்கள்: கேள்வி பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து வந்த கேள்விகள். வானியல் என்றால் நீட்டிச் சொல்வேன், மற்றதற்கு ஒரு வரிதான்.

ஊத்தங்கரை: லீவிட் வெறும் கணக்கெழுதியவர்தானே? விண்மீன் மண்டலங்களின் தூரத்தை அளந்தது ஹபிள் அல்லவா?

அளந்தது ஹபிள்தான். அளவுகோல் யார் கொடுத்தது? ஹென்ரியட்டா லீவிட் ஹார்வர்டில் கண்ணாடித் தகடுகளோடு உட்கார்ந்தவர். தகட்டில் நட்சத்திரம் ஒரு கறுப்புப் புள்ளி. வெவ்வேறு இரவுகளில் எடுத்த தகடுகளில் அதே புள்ளி பெருத்திருக்கிறதா, சிறுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிறிய மெகல்லன் மேகம் என்ற பக்கத்துக் குட்டி விண்மீன் மண்டலத்திலுள்ள 25 செஃபீடு நட்சத்திரங்களை (சீரான கால அளவில் மங்கி ஒளிர்பவை) வைத்து 1912-இல் அவர் காட்டியது: பிரகாசம் அதிகமானால், மங்கித் திரும்ப ஒளிரும் காலமும் அதிகம். மேகத்தில் எல்லாமே நமக்கு ஏறக்குறைய ஒரே தூரம், அதனால்தான் இந்த ஒப்பீடு செல்லும். ஒரு செஃபீடின் தூரம் வேறு வழியில் தெரிந்துவிட்டால் போதும், மற்றவற்றின் காலத்தை எண்ணி உண்மைப் பிரகாசத்தை அறிந்து, நமக்கு எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதோடு ஒப்பிட்டே தூரம் சொல்லலாம். ஹபிள் ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலத்துக்குப் போட்டது இந்தக் கணக்கு. நம் பக்கத்தில் அந்த மேகம் அடிவானத்துக்கு மேல் சுமார் 5 டிகிரிதான் ஏறும். தெற்கே ஒரு குன்று இருந்தாலே போச்சு.

பாலக்கோடு: மகளுக்கு என்ன டெலஸ்கோப் வாங்கலாம்?

முதலில் பைனாகுலர். சூரியனை எதிலும் பார்க்க விடாதீர்கள். ஐபீஸில் (கண் வைக்கும் லென்ஸில்) திருகும் சின்ன சூரிய ஃபில்டர் கூடவே வந்தால் குப்பையில் போடுங்கள். சூட்டில் விரிசல் விட்டால் கண் போய்விடும்.

ஓசூர்: மகள் கர்நாடக வயலின் கற்கிறாள். மேற்கத்திய ஆர்கெஸ்ட்ராவில் பெண்களைச் சேர்ப்பார்களா?

பெர்லின் பில்ஹார்மோனிக்கில் முதல் பெண்ணே 1982-இல் வந்த வயலின்காரர்தான், மடலென் கருஸோ. மற்றதைப் பெங்களூரில் ஒரு வயலின் வாத்தியாரிடம் கேளுங்கள். எனக்குத் தெரிந்த சங்கீதம் கரோலின் ஹெர்ஷலோடு சரி. பாட்டுக்காரியாக இருந்தவர், 8 வால்மீன்கள் கண்டார்.

அரூர்: ஜோசலின் பெல்லுக்கு நோபல் தராதது அநியாயம் என்கிறார்களே. கருவி அவருடைய பேராசிரியர் ஹியூவிஷுடையது, மாணவிக்கு எதற்கு?

அந்த ரேடியோ ஆன்டெனாவுக்குக் கம்பி கட்டியதில் பெல்லின் கையும் உண்டு. அதன் சிக்னலை வரைந்தபடி தினமும் 30 மீட்டர் அளவுக்கு ஓடும் சார்ட் தாளைக் கண்ணால் அலசியதும் அவர்தான். 1967-இல் அதில் துளியூண்டு இடத்தில் வந்த கிறுக்கலைக் குறுக்கீடு என்று தள்ளிவிடாமல் துரத்தினார். 1.33 நொடிக்கு ஒரு துடிப்பு: பல்சார், அதாவது வேகமாகச் சுழன்று சீராக ரேடியோ துடிப்பு அனுப்பும் நட்சத்திரம். 1974 நோபல் ஹியூவிஷுக்கும் அவருடைய சகா ரைலுக்கும் போனது.

காவேரிப்பட்டணம்: அரூர்க்காரர் சொல்வது சரி. ஆய்வு மாணவிக்கு நோபல் தேவையில்லை என்று பெல்லே சொன்னாரே?

சொன்னார். அது அவருடைய பெருந்தன்மை. அதை நோபல் குழுவுக்கு நற்சான்றாகத் தூக்கிக்கொண்டு வராதீர்கள்.

பென்னாகரம்: பையனுக்கு டெலஸ்கோப்...

மேலே பாலக்கோடு. சூரியன், மறக்க வேண்டாம்.

அரூர் (மறுபடியும்): கடைசியில் அவருக்கு ஒன்றுமே கிடைக்கவில்லையா?

2018-இல் 30 லட்சம் டாலர் பரிசு கிடைத்தது. வாய்ப்புக் குறைந்த பிரிவுகளிலிருந்து இயற்பியல் ஆய்வுக்கு வருகிறவர்களுக்கு உதவித்தொகையாக முழுவதையும் கொடுத்துவிட்டார்.