தெரிந்தவர்கள் நூறு பேர், கூப்பிட ஒருவரில்லை

வணக்கம்.

வேலை மாற்றத்தால் இந்தச் சிறிய நகரத்துக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. வயது 37. சும்மா வீட்டில் அடைந்து கிடக்கவில்லை. இரண்டு மாதம் ஷட்டில் ஆடப் போனேன். பிறகு ஓட்டக்குழு, பிறகு புகைப்படக் குழு, பிறகு ஒரு வாசிப்புக் கூட்டத்துக்கு மூன்று முறை. எல்லோரும் சிரித்துத்தான் பேசுகிறார்கள். ஆறு வாட்ஸ்அப் குழுக்களில் இருக்கிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ‘வாங்க, எங்கேயாவது போகலாம்’ என்று கூப்பிட ஒருவர் இல்லை. உள்ளூர்க்காரர்களுக்குப் பள்ளிக்கூடத்து நண்பர்களே போதும் போலிருக்கிறது. பெருநகரத்தில் இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது. கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் முகம் பார்க்காமலே நண்பர்களானார்கள். எனக்கு நூறு முகம் பார்த்தும் வாய்க்கவில்லை. இந்த வயதுக்கு மேல் அவ்வளவுதானா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

பிசிராந்தையாரை விட்டுவிடுவோம். அதிசயம் என்பதால்தான் அந்த நட்பைப் பாடி வைத்தார்கள். மற்றவர்களுக்கெல்லாம் பழகித்தான் வர வேண்டியிருக்கிறது.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது ‘பிறகு’ என்ற சொல். ஷட்டில், பிறகு ஓட்டம், பிறகு புகைப்படம், பிறகு வாசிப்பு. கோளாறு வயதிலோ ஊரிலோ இல்லை, அந்தப் ‘பிறகு’க்களில் இருக்கிறது.

கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். புதிதாக ஊர் மாறி வந்தவர்களையும் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்களையும் வைத்துச் செய்தது. அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரம், நண்பர் என்றே சொல்லிக்கொள்ள 90 மணி நேரம், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது என்றது அது. அமெரிக்கர்களிடம் எடுத்த சராசரி, அதைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அளவுகோலாக உதவும். ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்த நேரம் இந்தக் கணக்கில் அவ்வளவாக ஏறுவதில்லை என்பதையும் அவர் கவனித்திருக்கிறார். ஓய்வாக இருந்த நேரம்தான் ஏறுகிறது.

இப்போது உங்கள் கணக்கைப் பாருங்கள். வாரம் ஒரு நாள், ஒன்றரை மணி நேரம் என்று வைத்தால் இரண்டு மாத ஷட்டிலில் கிடைத்தது 12 மணி நேரம். அதிலும் பாதி நேரம் இறகுப்பந்தைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பீர்கள். அங்கிருந்து கிளம்பி அடுத்த குழுவில் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கினீர்கள். அதே இடத்தில் இருந்திருந்தால், வாரம் ஒன்றரை மணி நேர ஆட்டம் மட்டும் என்றாலும் 33 வாரத்தில் 50 மணி நேரம் வந்திருக்கும். அதோடு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவர்களில் ஒருவரோடு வெளியே இரண்டு மணி நேரம் சேர்த்திருந்தால், அவரைப் பொறுத்தவரை 20 வாரம் போதும். அந்த வேகத்தில் 80 வாரத்தில் 200 மணி நேரம். நீங்கள் வந்து கிட்டத்தட்ட 78 வாரம் ஆகிறது.

ஆகவே ஒரு குழுவைப் பிடியுங்கள், ஒன்றே ஒன்று. எதை என்பதில் மட்டும் கொஞ்சம் கறாராக இருங்கள். அது வாரந்தோறும், ஒரே கிழமை ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். மாதம் ஒருமுறை கூடுவது நட்புக்கு உதவாது, முகம் மறந்துவிடும். ஆறிலிருந்து பதினைந்து பேர் சரியான அளவு. முப்பது பேர் கூடினால் பக்கத்தில் யார் நின்றார்களோ அவரோடு வானிலை பேசிவிட்டு வரலாம், அவ்வளவுதான். வீட்டிலிருந்து இருபது நிமிடத்துக்குள் இருக்கட்டும், இல்லாவிட்டால் மழைக்காலத்தில் முதலில் அறுபடுவது அதுதான். எல்லாவற்றையும்விட, நடுவில் சும்மா இருக்கும் நேரம் வேண்டும். இரட்டையர் ஆட்டத்தில் வெளியே உட்கார்ந்து முறைக்காகக் காத்திருப்பது, நாடகப் பயிற்சியில் இன்னொருவர் காட்சி முடியும் வரை ஓரமாக நிற்பது, செடி நட்டுவிட்டுத் தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பது என்று ஏதாவது. காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு போகும் ஜிம்மில் பத்து வருடம் போனாலும் தலையசைப்பைத் தாண்டாது. புகைப்படக் குழுவிலும் இதே சிக்கல்தான். ஆளுக்கொரு திசையில் கேமராவோடு போய்விடுகிறார்கள்.

உங்கள் பட்டியலில் இந்தச் சோதனையில் தேறுவது ஷட்டில்தான். நான்கு பேர் இல்லாமல் இரட்டையர் ஆட்டம் நடக்காது. நீங்கள் வராவிட்டால் யாரோ ஒருவர் போன் செய்தாக வேண்டும்.

பத்து நிமிடம் முன்னால் போய், இருபது நிமிடம் கழித்துக் கிளம்புங்கள். ஆட்டம் வெறும் சாக்கு. பழக்கம் உண்டாவது வலை கட்டும்போதும் காலணி மாற்றும்போதும்தான். முடிந்தவுடன் வண்டியை எடுத்துவிடுகிறவர் எத்தனை வருடம் ஆடினாலும் விருந்தாளியாகவே இருப்பார். ஒரு சின்னப் பொறுப்பையும் ஏற்றுக்கொள்ளுங்கள்: காக் டப்பா வாங்கி வருவது, மைதான வாடகையைப் பிரித்து வசூலிப்பது, சாவி வைத்துக்கொள்வது. காரணமே இல்லாமல் ஒருவரை அழைக்கக் கூச்சப்படுகிறவர்களுக்கு இது காரணத்தைக் கொடுத்துவிடும். மூன்று மாதத்துக்கு முன் ‘சரிப்பட்டு வருமா’ என்று தீர்ப்பு எழுதாதீர்கள். நான்காவது ஐந்தாவது வாரம் சலிப்புத் தட்டும். புதுமை போயிருக்கும், நெருக்கம் இன்னும் வந்திருக்காது. நீங்கள் ஒவ்வொரு குழுவையும் விட்டதும் இந்தப் பள்ளத்தில்தான் என்று நினைக்கிறேன்.

இத்தனையும் செய்தும் பலர் மாட்டிக்கொள்கிற இடம் ஒன்று உண்டு. மைதான நண்பர் மைதானத்திலேயே நின்றுவிடுவார். அவரை வெளியே ஓர் இடத்துக்கு நகர்த்த வேண்டும், அதை அவர் செய்வார் என்று காத்திருந்தால் நடக்காது. ‘ஒரு நாள் சந்திக்கலாம்’ என்பது அழைப்பே அல்ல, விடைபெறும் வார்த்தை. தேதி, இடம், செயல் எல்லாவற்றையும் யோசிக்கும் வேலையை எதிராளி தலையில் கட்டுகிறது அது. இப்படிக் கேளுங்கள்: ‘ஞாயிறு காலை ஆறரைக்கு ஏரிக்கரையில் நடக்கப் போறேன், எட்டு மணிக்குள்ள திரும்பிடுவேன். வர்றீங்களா?’ இதில் நாள் இருக்கிறது, முடியும் நேரம் இருக்கிறது, அவர் வராவிட்டாலும் நீங்கள் போகத்தான் போகிறீர்கள் என்பதும் இருக்கிறது. அதனால் மறுக்கவும் எளிது, ஒத்துக்கொள்ளவும் எளிது. குழுவில் பொதுவாகப் போடாமல் தனியாக ஒருவரிடம் கேளுங்கள். பொதுவில் போட்டால் கட்டைவிரல்தான் வரும்.

‘இந்த வாரம் முடியாது, அடுத்த வாரம் பார்க்கலாமா’ என்றால் அது சம்மதம். வெறும் ‘முடியாது’ இரண்டு முறை வந்தால் இரண்டு மாதம் விட்டுவிடுங்கள், சிரிப்பைக் குறைக்காமல். முதல் முறை நன்றாகப் போனால் அடுத்ததை இரண்டு வாரத்துக்குள் வைத்துவிடுங்கள். மூன்று வாரத்தைத் தாண்டினால் சூடு ஆறிவிடும். தொடக்கத்தில் நான்கில் மூன்று முறை நீங்கள்தான் அழைக்க வேண்டியிருக்கும். யார் எத்தனை முறை கூப்பிட்டார்கள் என்று கணக்கு வைக்க அது நேரமில்லை. பேசியதில் ஒன்றை நினைவில் வையுங்கள், முடியாவிட்டால் போனில் குறித்துக்கொள்ளுங்கள். மகளுக்குத் தேர்வு, அம்மாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை என்று ஏதாவது. அடுத்த முறை ‘அம்மாவுக்குக் கண் எப்படி இருக்கு’ என்று கேட்பது நூறு குட்மார்னிங் படங்களுக்குச் சமம்.

வீடு திரும்பும் வழியில் ‘அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதோ’ என்று உங்களுக்கு ஓடும். எல்லோருக்கும் ஓடுகிறது. உளவியலாளர் எரிக்கா பூத்பியும் உடன் ஆய்வாளர்களும் 2018இல் இதை அளந்து பார்த்தார்கள். புதிதாகப் பேசிப் பிரிந்த இருவரில், தன்னை எதிராளிக்கு எவ்வளவு பிடித்தது என்பதை ஒவ்வொருவரும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். கல்லூரி விடுதியில் சேர்ந்து தங்கியவர்களிடம் இந்த இடைவெளி மாதக்கணக்கில் நீடித்தது. ஆகவே அந்த நேரத்து உள்மனக் குரலை நம்பி அடுத்த அழைப்பை நிறுத்த வேண்டாம்.

உள்ளூர்க்காரர்கள் பற்றிச் சொன்னது பாதி சரி. அவர்களுக்கு விரோதமில்லை, இடமில்லை. வார இறுதி முழுக்க உறவுக்கும் பழைய கூட்டாளிகளுக்கும் போய்விடுகிறது. இடம் காலியாக இருக்கிறவர்களைத் தேடுங்கள்: மாற்றலாகி வந்தவர்கள், வெளியூரில் பல வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர்கள், சமீபத்தில் ஓய்வு பெற்றவர்கள், கூட்டாளிகள் எல்லாம் ஊரைவிட்டுப் போய்த் தனியாக நிற்கும் உள்ளூர்க்காரர்கள். வயது வடிகட்டியையும் கழற்றி வையுங்கள். சிறிய ஊரில் 35 முதல் 40 வரை என்று தேடினால் ஆளே மிஞ்ச மாட்டார்கள். 26 வயதுக்காரரும் 61 வயதுக்காரரும் நல்ல துணை.

பெருநகரம் எளிது என்கிறீர்கள், எனக்கு ஒப்புதலில்லை. அங்கே புதிய முகம் நிறையக் கிடைக்கும், அதே முகம் மறுபடி கிடைக்காது. இங்கே ஷட்டிலில் பார்த்தவரை மருந்துக்கடையிலும் வங்கி வரிசையிலும் பார்ப்பீர்கள். அந்த இரண்டு நிமிடத்தைத் தலையசைத்துக் கடக்காமல் நின்று பேசுங்கள். மைதானத்துக்கு வெளியே அவரைப் பார்க்கும் வாய்ப்பை ஊரே உங்களுக்கு ஏற்பாடு செய்து தருகிறது.

அதற்கு ஒரு விலையும் உண்டு. இங்கே சொன்ன வார்த்தை இரண்டே கை மாறி உரியவரிடம் போய்ச் சேர்ந்துவிடும். இல்லாதவரைப் பற்றிக் குறை பேசும் இடத்தில் காது கேட்காதவராக இருந்துவிடுங்கள். அப்புறம், வலிய வந்து பழகும் புதியவர் காப்பீடோ ஆள் சேர்க்கும் சங்கிலி வியாபாரமோ விற்க வந்தவர் என்ற சந்தேகம் பலருக்கு உண்டு, அதற்கு நியாயமும் உண்டு. என்ன வேலை, ஏன் இந்த ஊர் என்பதை முதல் வாரமே தானாகச் சொல்லிவிடுங்கள். முதல் ஆறு மாதம் கடன் வாங்குவதும் கொடுப்பதும் வேண்டாம்.

ஷட்டிலுக்குத் திரும்பப் போகக் கூச்சமாக இருக்கும். எங்கே காணோம் என்று கேட்பார்கள். ‘விட்டுட்டேன், ஆனா ஆடணும்போல இருந்துச்சு’ என்பது போதும். பழைய வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பெல்லாம் வேண்டாம். அங்கே அதிகம் பேசியவர் யாரோ, அவருக்கு மட்டும் ‘இந்த வாரம் ஆட ஆள் வேணுமா?’ என்று ஒரு வரி அனுப்புங்கள். நாலாவது ஆள் கிடைக்காமல் அவர்கள் முழிக்கும் வாரம் எப்படியும் ஒன்று வரும்.