பெயரை மட்டும் வாசியுங்கோ

அன்புள்ள ரீச்சர்,

நான் முழங்காவில் பக்கம். வயது 27. அத்தான் 2009 வைகாசி 18 இல் முல்லைத்தீவு வட்டுவாகலில் இராணுவத்திடம் சரணடைந்தவர். அக்கா பக்கத்தில் நிற்கும்போதுதான் பஸ்ஸில் ஏறினவர். இன்றுவரை தகவல் இல்லை. அம்மா அப்பா செல்லடியில் செத்தபிறகு என்னையும் தன் மகளையும் வளர்த்தது அக்காதான். இப்போது பூநகரியில் ஒருவரைப் பதிவுத் திருமணம் செய்யப் போவதாகச் சொல்கிறா. அதற்காக அத்தானுக்கு மரணச் சான்றிதழ் எடுக்கப் போகிறா. அவரைக் கடதாசியில் கொன்றுபோட்டுக் கலியாணம் கட்டுவது என்ன நியாயம்? எங்கள் கத்தோலிக்கப் பங்குச் சபையிலிருந்து மூன்று பேர் வந்து, இனிப் பீடம் சோடிக்க வரவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். காணாமல் போனவர்களின் தாய்மார் நடத்தும் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடிப் போராட்டத்துக்கு மகனின் படத்தோடு போகிற அத்தானின் தாயே அக்காவின் பக்கம் கதைக்கிறா. எங்கள் குடும்ப மானம் போகிறது. அந்தத் திருமணத்துக்கு நான் போகலாமா? போனால் பாவமா? இளைஞர்கள் போனில் கெடுவது பற்றியும், ஆட்கள் அல்லேலூயாச் சபைகளுக்குப் போவது பற்றியும் எழுதுங்கள்.

(பெயரையும் பங்கையும் எடுத்துவிட்டேன்.)

அன்புள்ள தம்பி,

உமது கடிதம் ஐப்பசிக் கடைசியில் வந்தது. நவம்பர் 2, இறந்தவர்களை நினைக்கும் சகல ஆத்துமாக்களின் நாள் நெருங்க நெருங்க எனக்கு என் சின்னம்மாவின் நினைவு வந்துவிடும். இந்த வருடமும் அவவை நினைத்துக்கொண்டு இருந்த நேரத்தில்தான் உமது கடிதத்தைத் திறந்தேன். இல்லாவிட்டால் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதியிருக்க மாட்டேன்.

போனைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அல்லேலூயாச் சபைக்கு ஆட்கள் ஏன் போகிறார்கள் என்று கேட்கிறீர். பீடத்துக்குப் பூ வைக்க வராதே என்று சொல்லப்பட்ட ஒரு பெண் உமது வீட்டிலேயே இருக்கிறா. அவவைக் கேளும். அதை அத்தோடு விடுவோம்.

நான் உமது கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். அத்தான் இருக்கிறார், மானம் இருக்கிறது, பங்குச் சபை இருக்கிறது. அக்கா என்ன சொன்னா என்று ஒரு வரி இல்லை. உம்மை வளர்த்தவ என்று நீரே எழுதியிருக்கிறீர். 2009 இல் நீர் பதினொரு வயதுப் பிள்ளை. செட்டிக்குளம் முகாமில் தண்ணீருக்கு வரிசையில் நின்றது யார்? ஊர் திரும்பியபிறகு உமக்குச் சப்பாத்து வாங்கித் தந்தது யார்? அந்த மனுசியைப் பற்றித்தான் ‘கடதாசியில் கொன்றுபோட்டு’ என்று எழுதியிருக்கிறீர். அந்த வார்த்தை எனக்குப் பொறுக்கவில்லை, தம்பி. அதை நீர் அவவின் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் போய் மன்னிப்புக் கேளும். மிச்சத்தை அதற்குப் பிறகு வாசியும்.

என் சித்தப்பா 1990 ஆவணியில் வவுனியாவுக்கு பெற்றோமக்ஸ் மென்டில் வாங்கப் போனவர். சண்டை திரும்பத் தொடங்கி இரண்டு மாதம், கடைகளில் ஒன்றும் இல்லாத காலம். வழியில் மறித்து இறக்கினார்கள் என்று கூடப் போனவர் வந்து சொன்னார். அவ்வளவுதான் தெரியும். அதற்குப் பிறகு சின்னம்மா புதுக்குடியிருப்புப் பக்கம் எங்கள் வளவிலேயே ஒரு கொட்டில் போட்டு இருந்தா. பிள்ளைகள் இல்லை.

அடுத்த வருடம் நவம்பரில் அவவோடு நானும் கோவிலுக்குப் போனேன். எங்கள் ஊரில் பூசைக் கருத்துக் கொடுப்பதென்றால் கொப்பித் தாளில் ஒரு துண்டு கிழித்து எழுதி, காசை அதற்குள் மடித்து, சுவாமி (குருவானவர்) உடுப்பு மாற்றும் அறையில் கொடுக்க வேண்டும். சின்னம்மா பென்சிலால் ‘ஆ’ என்று எழுதினா. ஆத்தும சாந்திக்காக என்று எழுத வந்தவ. அந்த ஒரு எழுத்தோடு கை நின்றுவிட்டது. விரலை நாக்கில் தொட்டு அந்த ‘ஆ’வை அழித்தா. தாள் நனைந்து மெலிந்து, அந்த இடத்தில் ஓட்டை விழுந்தது. ஓட்டைக்குப் பக்கத்தில் சித்தப்பாவின் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தா.

சுவாமி ஊருக்குப் புதிது. “அம்மா, இது ஆத்தும சாந்திக்கோ, சுகத்துக்கோ?” என்று கேட்டார்.

“பெயரை மட்டும் வாசியுங்கோ, சுவாமி.”

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. பூசையில் இறந்தவர்களின் பெயர்களை வாசித்து முடித்தார். கொஞ்சம் நிறுத்தினார். சித்தப்பாவின் பெயரைத் தனியாக வாசித்தார். திரும்பக் கொஞ்சம் நிறுத்திவிட்டு நோயாளிகளின் பெயர்களைத் தொடங்கினார். அந்த இரண்டு நிறுத்தத்துக்கு நடுவில்தான் என் சின்னம்மா மிச்சக் காலம் முழுவதும் இருந்தா. பின்னேரம் எல்லோரும் சேமக்காலைக்குப் போய்க் கல்லறைகளில் மெழுகுதிரி கொளுத்துவோம். அவ உள்ளே வரமாட்டா. வாசல் தூணுக்கு வெளிப்புறம் ஒரு திரியைக் கொளுத்தி, அது அணையும் வரைக்கும் பக்கத்தில் குந்தியிருப்பா.

1995 இல் அளம்பில் பக்கத்துக் கடற்றொழிலாளி ஒருவர், மனைவியை இழந்தவர், சின்னம்மாவைக் கேட்டு வந்தார். சின்னம்மாவுக்கு அப்போது 38 வயது. வந்தவரின் கையில் ஒரு பனையோலை உமல் நிறைய மீன். அப்பா படலையைத் திறக்காமலே கதைத்து அனுப்பினார். “புருசன் செத்தான் எண்டு ஆர் கண்டது? எங்கட குடும்பத்துக்கு மானம் இருக்கு” என்றார். உமது கடிதத்தில் இருக்கிற அதே சொல். அந்த மனுசன் உமலைப் படலையடியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். சின்னம்மா வந்து எடுத்தா. மீனை ஆய்ந்து சமைத்து எல்லோருக்கும் போட்டா. உமலை நன்றாகக் கழுவி, வந்தால் எடுத்துக்கொண்டு போகட்டும் என்று வேலிக் கதியாலில் கொழுவிவிட்டா. மாரி வந்து ஓலை உக்கி விழும்வரை அது அங்கேயே தொங்கியது.

நான் அப்போது திண்ணையில் தவணைப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டு இருந்தேன். முப்பது வயது, சம்பளம் எடுக்கிற ரீச்சர், அப்பா என் சொல்லைக் கேட்கிற காலம். நான் தலை நிமிரவில்லை. சின்னம்மா 2014 இல் தனியாகச் செத்தா. அவவின் கல்லறையில் ‘இன்னாரின் அன்பு மனைவி’ என்று எழுதியிருக்கிறது. அது உண்மைதான். ஆனால் அன்றைக்கு நான் வாய் திறந்திருக்க வேண்டும். அதனால்தான் இன்று உம்மோடு இவ்வளவு கோபமாகக் கதைக்கிறேன்.

இனி அந்தக் கடதாசிக்கு வருவோம். அக்காவாகத் தேடிப் பிடித்த வழி அது இல்லை. காணாமல் போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் கொடுக்க 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. தாய்மாரும் மனைவிமாரும் அதை வாங்க மறுத்தார்கள். ஆறு வருடம் கழித்து, செத்துவிட்டார் என்று சொல்லாமல் ஆளைக் காணவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழைக் கொண்டுவந்தார்கள். காணி, வங்கி அலுவல்களுக்கு அது உதவும். அதை வைத்து மறுமணம் செய்ய ஏலாது. மரணச் சான்றிதழும் வேண்டாமென்றால், புருசன் என்னைக் கைவிட்டுப் போய்விட்டார் என்று விவாகரத்து வழக்குப் போட வேண்டும். பக்கத்தில் நின்று பஸ்ஸில் ஏற்றிவிட்டவ, அவர் என்னை விட்டுவிட்டுப் போனார் என்று மன்றில் நின்று சொல்ல வேண்டும். இதில் எதை எடுக்கச் சொல்கிறீர்? செத்தார் என்பதா, கைவிட்டார் என்பதா? அவருக்கு என்ன நடந்தது என்று தெரிந்தவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். அவர்கள் வாய் திறக்காததற்கு உமது அக்கா ஏன் கையெழுத்துப் போட வேண்டும்? போடுகிறா என்றால் அது எவ்வளவு பாரம் என்று நினைத்துப் பாரும்.

திருச்சபைக்கும் வருகிறேன். உமது பங்குச் சபை ஆட்களுக்கு இது தெரிந்திருந்தால் அந்த வீட்டுக்கு வேறு விதமாகப் போயிருப்பார்கள். கணவனோ மனைவியோ இறந்ததற்கு அத்தாட்சி இல்லாவிட்டால் என்ன செய்வது என்று திருச்சபைச் சட்டம் 1707 சொல்கிறது. தீர்மானிப்பது ஆயர். பங்குக் குருவோ பங்குச் சபையோ இல்லை. உமக்கு நான் பொய் சொல்ல மாட்டேன், அந்தச் சட்டம் இறுக்கமானது. எவ்வளவு நீண்ட காலமானாலும் ஆளைக் காணவில்லை என்பது மட்டும் போதாது என்று அதில் எழுதியிருக்கிறது. ஆனால் அது கதவைப் பூட்டவில்லை. சாட்சிகளைக் கேள், ஊரில் உலவும் கதையையும் கேள், அடையாளங்களைப் பார், இறந்துவிட்டார் என்று மனதுக்கு உறுதி வந்தால் அறிவி, சிக்கலென்றால் உரோமையைக் கேள் என்று ஆயருக்குச் சொல்கிறது.

நேரே கண்ட சாட்சி இல்லாதபோது எதை வைத்து முடிவெடுப்பது என்று 1868 இல் உரோமை ஓர் அறிவுறுத்தல் வெளியிட்டது. காணாமல் போனவரின் வயது என்ன, உடல்நிலை எப்படி, குணம் எப்படி, ஒளிந்துகொள்ளக் காரணம் இருந்ததா என்று விசாரிக்கச் சொல்கிறது. மனைவியில் அன்பாக இருந்தவரா என்றும் கேட்கச் சொல்கிறது. அன்பாக இருந்தவர் உயிரோடு இருந்தால் எப்படியாவது ஒரு சொல் அனுப்பியிருப்பார் என்பது கணக்கு. இதை நான் முதன்முதலில் வாசித்தபோது என் சின்னம்மா செத்து இரண்டு வருடம். எத்தனையோ சுவாமிமார் எங்கள் ஊருக்கு வந்து போனார்கள். ‘அவர் உன்னில் அன்பாக இருந்தாரா’ என்று அவவிடம் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விடிய விடியச் சொல்லியிருப்பா.

உமது அக்காவிடம் கேட்டார்களா? அந்த மூன்று பேரும் வந்தார்களே, ஆயர் இல்லத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுத உதவி செய்கிறோம் என்று ஒரு சொல் சொன்னார்களா? பூ வைக்க வராதே என்று சொல்லத்தானா மூன்று பேர்?

இதே வன்னி மக்களுக்காகத்தான் மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2011 தையில் போரை விசாரித்த அரச ஆணைக்குழு முன்னால் போய் ஒரு கழித்தல் கணக்கை வைத்தார். 2008 ஐப்பசியில் வன்னியில் இருந்ததாகக் மாவட்ட அரசாங்கக் கச்சேரிக் கணக்குச் சொன்னவர்கள் 429,059 பேர். 2009 ஆடி 10 வரைக்கும் வெளியே வந்தவர்கள் 282,380 பேர். மிச்சம் 146,679 பேர் எங்கே என்று கேட்டார். வாழ்நாள் முழுக்கக் கணிதம் படிப்பித்தவள் நான். அந்தக் கழித்தலைப்போல ஒரு கணக்கை நான் கண்டதில்லை. பிரான்சிஸ் யோசப் அடிகளாரும் அதே நாள் அதே வட்டுவாகலில் சரணடைந்தவர்களோடு போனவர். அவரும் திரும்பவில்லை. எங்கே என்று கேட்ட திருச்சபை இது. தன் குருவையே அந்தக் கூட்டத்தில் தொலைத்த திருச்சபை. அது உமது அக்காவின் வீட்டுப் படலையில் வந்து நின்று சொல்ல வேண்டிய சொல், பூ வைக்க வராதே என்பதா?

மானம் என்று எழுதியிருக்கிறீர். சூசையப்பரை வேதம் நேர்மையாளர் என்று சொல்கிறது, மத்தேயு முதலாம் அதிகாரம். எதற்காக என்று வாசித்துப் பாரும். மரியாளைப் பற்றி ஒன்றும் விளங்காமல் இருந்த அந்த நேரத்திலும், அவளை ஊருக்கு முன்னால் அவமானப்படுத்த அவருக்கு மனம் வரவில்லை. அதற்காக. திருக்குடும்பப் படம் உமது வீட்டிலும் தொங்கும். அதற்குக் கீழே இருந்துதான் இந்தக் கடிதத்தை எழுதினீரா?

அத்தானின் தாயைப் பற்றி ஒரு குற்றச்சாட்டுப்போல எழுதியிருக்கிறீர். முழுக் கடிதத்திலும் எனக்குக் கண் நிறைந்த இடம் அதுதான். 2017 மாசி 20 இல் தொடங்கிய அந்தப் போராட்டத்தில் தாய்மார் கேட்பது, என்ர பிள்ளையைக் காட்டு என்பது. அந்தத் தாய்க்கு மகன் உயிரோடு இருக்கிறான். அதே தாய் மருமகளைப் பார்த்து, நீ கட்டு பிள்ளை என்கிறா. இது இரண்டும் ஒரே நெஞ்சில் எப்படி இருக்கிறது என்று எனக்கு விளங்குகிறது. உமக்கும் ஒருநாள் விளங்கும். ரூத்து ஆகமத்தை எடுத்து வாசியும், நாலே அதிகாரம்தான். மகனை இழந்த நகோமிதான் மருமகளுக்கு வாழ்க்கை தேடி, இன்ன இடத்துக்குப் போ, இப்படிச் செய் என்று சொல்லி அனுப்புகிறா. அந்தத் திருமணத்தின் வழியில்தான் தாவீது வருகிறார்.

பதிவுத் திருமணத்துக்குப் போகலாமா என்று கேட்டீர். போம். சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் தேவையென்றால் நீரே போடும். அந்தத் திருமணத்தைக் கோவில் இன்றைக்கு ஏற்காது, நன்மை (நற்கருணை) எடுப்பதிலும் தடை வரும், அது எனக்குத் தெரியும். ஆனால் இப்படியான நிலையில் இருக்கிற எல்லோரையும் சாவான பாவத்தில் இருப்பவர்கள் என்று இனிச் சொல்ல முடியாது என்று பாப்பரசர் பிரான்சிஸ் 2016 இல் எழுதினார். அதோடு ஆயர் இல்ல விண்ணப்பத்தையும் தொடங்கும். அத்தானை 2009 இல் கடைசியாகக் கண்டவர்கள், அவரோடு கூட இருந்தவர்கள், எல்லோருடைய வாக்குமூலத்தையும் உமது கையால் எழுதி எடும். எழுத எழுத அத்தானையும் உமக்குக் கொஞ்சம் தெரியவரும். அவர் போகும்போது நீர் சின்னப் பிள்ளை.

இந்த நவம்பர் 2 க்கு அத்தானின் பெயரில் ஒரு பூசை ஒப்புக்கொடும், காசு உமது சம்பளத்தில் இருந்து. கொப்பித் தாளில் ஒரு துண்டைக் கிழித்துக்கொண்டு அக்காவிடம் போய், என்ன எழுதவேண்டும் என்று கேளும். அவ சொல்வதை எழுதும். ஒன்றும் சொல்லாமல் இருந்தால், பெயரை மட்டும் எழுதிக் கொடும்.

அன்புடன்,
ரீச்சர்