‘ஆளே இல்லாத இமயமலைப் பாதை’ என்று விற்கிறார்கள், வாங்கலாமா?

இமயமலை நடைப்பயணம் பற்றி மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்கள் கேட்ட கேள்விகளில் சில.

கேள்வி: நாங்கள் நண்பர்கள் மூன்று பேர், முப்பத்தைந்து வயதுக்காரர். எவரெஸ்ட் அடிவார முகாமுக்குப் போகிற பாதையில் திருவிழாக் கூட்டம் என்கிறார்கள். ஆட்கள் குறைவான, பத்து நாளில் முடியக்கூடிய பாதை எது? ஏப்ரல் வருடப்பிறப்பு லீவில் போகலாம் என்று இருக்கிறோம். — கல்முனை

பதில்: பத்து நாள் என்பது நடக்கிற நாளா, கல்முனையில் வெளிக்கிட்டுத் திரும்பி வரும் வரையா? முதலில் அதை முடிவு செய்யுங்கள். கட்டுநாயக்காவுக்குப் போக வர, விமானம், காத்மண்டுவில் அனுமதிப் பத்திரம் எடுப்பது, அங்கிருந்து மலையடிக்கு ஜீப்பில் ஒரு நாள் என்று பார்த்தால் ஐந்து நாளாவது போய்விடும்.

வீட்டிலிருந்து வீட்டுக்குப் பத்து நாள்தான் என்றால் பிக்கே சிகரம் பொருந்தும். உயரம் 4,065 மீற்றர். எவரெஸ்ட் பிரதேசத்தின் தெற்குப் பக்கம் இருக்கிறது. காத்மண்டுவிலிருந்து ஜீப்பில் தாப் வரை போய், மேலே ஏறி, ஜுன்பேசி வழியாக இறங்கி பாப்லுவில் மீண்டும் ஜீப் பிடிக்கலாம். நடை ஐந்து ஆறு நாள். உச்சியிலிருந்து எவரெஸ்ட் தெரியும். எவரெஸ்ட் பாதைக்காக லுக்லா என்ற ஊருக்கு விமானத்தில் வந்திறங்குகிற கூட்டம் இந்தப் பக்கம் வராது.

நடக்கவே பத்துப் பதினொரு நாள் ஒதுக்க முடிந்தால் தமாங் பாரம்பரியப் பாதையையும் லாங்டாங் பள்ளத்தாக்கையும் சேர்த்து எடுங்கள். இரண்டும் சியாப்ருபேசி என்ற ஊரில் தொடங்குகின்றன. முதல் நான்கைந்து நாள் கட்லாங், நாக்தாலி, துமான் போன்ற ஊர்கள். உயரம் 3,200 மீற்றருக்கு உள்ளேதான், ஆட்களும் குறைவு. உடம்பு அங்கேயே பழகிவிடும். பிறகு லாங்டாங்குக்குள் நுழைந்து 3,870 மீற்றரில் இருக்கும் கியாஞ்சின் கோம்பா வரை போகலாம். லாங்டாங்கில் ஏப்ரலில் வெளிநாட்டவர் இருப்பார்கள், அதை மறைக்கத் தேவையில்லை. எவரெஸ்ட் பாதை அளவுக்கு நெரிசல் இராது.

கூட்டத்தைத் தவிர்க்க ஒரு வழி இருக்கிறது, அதை எந்த விளம்பரத்திலும் போடுவதில்லை. எல்லா ஏஜென்சியும் ஒரே அட்டவணையைத்தான் பிரதி எடுத்து வைத்திருக்கிறது. அதனால் எல்லோரும் ஒரே ஊரில் படுத்து, காலை ஏழரைக்கு ஒன்றாக வெளிக்கிட்டு, ஒரே கடையில் பகல் சாப்பிடுகிறார்கள். நீங்கள் இடையில் இருக்கும் சின்ன ஊரில் தங்கினால் அந்த அலைக்கு அரை நாள் முன்னாலோ பின்னாலோ இருப்பீர்கள். லாங்டாங்கில் வழக்கமான அட்டவணை, லாமா ஹோட்டல் என்ற ஊரிலிருந்து (ஏறத்தாழ 2,480 மீற்றர்) ஒரே நாளில் லாங்டாங் கிராமத்துக்கு (3,430 மீற்றர்) ஏற்றிவிடும். 950 மீற்றர்! 3,000 மீற்றருக்கு மேலே போனபின் படுக்கிற இடம் ஒரு நாளைக்கு 500 மீற்றருக்கு மேல் உயரக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்பதுதான் மலை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. இடையில் கோடா தபேலாவில் ஒரு இரவு தங்கினால் தலையிடியும் குறையும், கூட்டமும் பிரியும். ‘அட்டவணையில் அது இல்லை’ என்று சொல்லும் ஏஜென்சியை விட்டுவிடுங்கள்.

நேபாளத்தில் மனாஸ்லு மலையைச் சுற்றிவரும் பாதையை, கூட்டம் நிறைந்த அன்னபூர்ணா பாதையோடு ஒப்பிட்டு, ‘ஆளில்லாத அன்னபூர்ணா’ என்று இப்போதும் விற்கிறார்கள். அது பழைய கதை. ஒக்டோபரில் லார்க்யா கணவாய்க்குக் கீழே உள்ள கடைசித் தங்குமிடத்தில் அறை கிடைக்காமல் கூடாரத்திலும் சாப்பாட்டு மண்டபத்திலும் படுக்கிறார்கள். கணவாய் 5,100 மீற்றருக்கு மேல். முதல் முறை போகிறவர்களுக்கு, அதுவும் பத்து நாளில், வேண்டாம். உண்மையில் ஆளில்லாத பாதை வேண்டுமென்றால் கஞ்சன்ஜங்கா இருக்கிறது. அதற்கு மூன்று வாரம் வேண்டும். ஆட்கள் குறைந்தால் தங்குமிடமும் குறையும், போன் எடுக்காது, ஒருவர் விழுந்தால் உதவி வர நேரம் எடுக்கும். அந்த விலையையும் சேர்த்துத்தான் வாங்குகிறீர்கள்.

கேள்வி: ஆசிரியையாக இருக்கிறேன். ஓகஸ்ட், டிசெம்பர் விடுமுறை மட்டும்தான் கிடைக்கும். எதில் போகலாம்? — ஆரையம்பதி

பதில்: நேபாளத்தில் ஜூன் முதல் செப்டெம்பர் வரை மழைக்காலம். பாதையில் அட்டை, வீதியில் மண்சரிவு, மலையை மூடிய முகில். ஓகஸ்டில் ‘சீசன் இல்லை, விலை பாதி, கூட்டமும் இல்லை’ என்று யாராவது சொன்னால், அவர் சொல்வது மூன்றும் உண்மைதான். மலை தெரியாது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டிருப்பார்.

ஓகஸ்ட்தான் என்றால் இந்தியாவின் லடாக் பொருந்தும். இமயத்தின் மழை மறைவுப் பக்கம் அது. மார்க்கா பள்ளத்தாக்கில் ஊர் வீடுகளிலேயே தங்கி நடக்கலாம். மூன்று விசயம் கவனியுங்கள். விமானம் உங்களை நேரே 3,500 மீற்றரில் உள்ள லே நகரில் இறக்கிவிடும், ஆகவே நடை தொடங்க முன் மூன்று இரவாவது அங்கே சும்மா இருக்க வேண்டும். ஆற்றைக் காலையில் கடக்க வேண்டும், பிற்பகலில் பனி உருகித் தண்ணீர் ஏறிவிடும். சட்டென்று கொட்டும் பேய்மழையும் உண்டு, 2010 ஓகஸ்டில் லே நகரின் ஒரு பகுதி அப்படித்தான் அழிந்தது. அதனால் ஓடைப் படுக்கையில் கூடாரம் போடும் குழுவோடு போகாதீர்கள். இன்னொன்று: டெல்லியிலோ சென்னையிலோ வாங்கிய முற்கொடுப்பனவு சிம் அங்கே வேலை செய்யாது. செய்மதித் தொலைபேசியை அனுமதி இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுபோவதே குற்றம்.

டிசெம்பர் இதைவிட நல்லது என்பதே எங்கள் கருத்து. இங்கே வாவி நிரம்பி வழியும்போது அங்கே வானம் கண்ணாடி மாதிரி இருக்கும். ஆட்களும் இறங்கிப் போயிருப்பார்கள். லாங்டாங்கில் கியாஞ்சின் வரை போகலாம், 5,000 மீற்றர்க் கணவாய்களை விடுங்கள். இரவில் பூச்சியத்துக்குக் கீழே பத்துப் பாகைக்கு மேல் இறங்கும், சில தங்குமிடங்கள் பூட்டியிருக்கும். எது திறந்திருக்கிறது என்று வழிகாட்டி முன்கூட்டியே போன் பண்ணிக் கேட்க வேண்டும். அந்த மாதத்தில் வெள்ளம் வந்தால் மட்டக்களப்பு – கொழும்பு வீதியும் ரயிலும் நின்றுவிடும். விமானத்துக்கு ஒரு நாள் முந்தியே கொழும்புக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: ஒரே பயணத்துக்கு இரண்டு ஏஜென்சி விலை தந்தன. ஒன்று மற்றதில் பாதி. எதை நம்புவது? — களுவாஞ்சிகுடி

பதில்: விலையை வைத்து ஒப்பிடாதீர்கள். இரண்டு பேரிடமும் ஒவ்வொரு இரவும் எந்த ஊரில், எத்தனை மீற்றரில் படுப்பது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். மலிவான விலை பெரும்பாலும் நாளை வெட்டித்தான் வருகிறது. ஓய்வு நாளும் காலநிலைக்காக வைக்கிற மேலதிக நாளும்தான் முதலில் போகும். அடுத்ததாக வழிகாட்டியே சுமையும் தூக்குவார். உங்களில் ஒருவருக்குச் சுகமில்லாமல் போனால் அவர் யாரோடு இறங்குவது, யாரோடு ஏறுவது?

அனுமதிக் கட்டணத்தைத் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். இதில்தான் எங்கள் ஆட்கள் தேவைக்கு அதிகமாகக் கட்டுகிறார்கள். இலங்கையர் சார்க் நாட்டவர். லாங்டாங் தேசியப் பூங்காவுக்கு மற்ற வெளிநாட்டவருக்கு 3,000 நேபாள ரூபாய், எங்களுக்கு 1,500. அன்னபூர்ணாவுக்கு அவர்களுக்கு 3,000, எங்களுக்கு 1,000. வருடத்தின் முதல் வருகைக்கு 30 நாள் விசா எங்களுக்கு இலவசம். விலைப்பட்டியலில் ‘விசா 50 டொலர்’ என்றோ பூங்காவுக்கு 3,000 என்றோ இருந்தால் அது வெள்ளைக்காரருக்குப் போட்ட பட்டியல். கட்டணங்கள் மாறக்கூடும், எனவே உங்கள் பெயரில் வெட்டிய பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

2023 ஏப்ரல் முதல் நேபாளத்தில் வெளிநாட்டவருக்கு உரிமம் பெற்ற வழிகாட்டி கட்டாயம். உரிம இலக்கத்தையும், வழிகாட்டிக்கும் சுமைதூக்குபவருக்கும் காப்புறுதி உண்டா என்பதையும் கேளுங்கள். வழமையாக இரண்டு பேருக்கு ஒரு சுமைதூக்குபவர். உங்களில் ஒவ்வொருவரும் பத்துப் பன்னிரண்டு கிலோவுக்கு மேல் கொடுக்காதீர்கள். மூன்று வேளைச் சாப்பாடு சேருமா என்று பாருங்கள், மேலே போகப் போக ஒரு தட்டுச் சோற்றின் விலையும் ஏறும். சுடுதண்ணிக் குளியல், போன் சார்ஜ், வைஃபை எல்லாம் எப்படியும் தனிக் காசு. முற்பணத்தைச் சிறிதாகக் கட்டி, மிச்சத்தை வழிகாட்டியையும் அனுமதிப் பத்திரத்தையும் நேரில் பார்த்தபின் கொடுங்கள். பள்ளத்தாக்கின் மேற்பகுதியில் வங்கி இயந்திரத்தை நம்ப முடியாது. இலங்கை ரூபாயை அங்கே மாற்றலாம் என்று எண்ணிப் போகவும் வேண்டாம், டொலர் கொண்டுபோங்கள்.

பயணக் காப்புறுதியில் ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்: எத்தனை மீற்றர் வரை? பல காப்புறுதிகள் 3,000 அல்லது 4,000 மீற்றரோடு நின்றுவிடும். ஹெலிகொப்டர் மீட்பு என்று எழுத்தில் இருக்க வேண்டும். தேவையில்லாமல் ஹெலிகொப்டர் அழைத்துப் பணம் பார்க்கும் மோசடியை நேபாள அரசே 2018இல் விசாரித்தது. உயிராபத்து இல்லாத நிலையில் யாராவது ‘ஹெலிகொப்டரில் போவோம்’ என்றால் முதலில் காப்புறுதிக் கம்பனியின் அவசர இலக்கத்துக்கு அழையுங்கள். அவர்கள் ஒப்புக்கொள்ளாமல் ஏறினால் பில் உங்கள் தலையில்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து மாமா கொண்டுவந்த மலையேறும் சப்பாத்து ஒன்று ஆறு வருடமாகப் பெட்டியோடு இருக்கிறது. பாவிக்கவே இல்லை. போட்டுக்கொண்டு போகலாமா? — அக்கரைப்பற்று

பதில்: பாவிக்காததுதான் சந்தேகம். அடிப்பாகத்துக்கும் தோலுக்கும் நடுவில் இருக்கும் மெத்தை பெரும்பாலும் பொலியூரிதேன். அது காற்றிலுள்ள ஈரப்பதத்தால் உள்ளுக்குள்ளேயே உக்கும். எங்கள் கரையோரக் காற்றில் இன்னும் வேகமாக. பார்வைக்குப் புதிதாகவே இருக்கும், இரண்டாம் நாள் நடையில் அடி கழன்று விழும். பெருவிரல் நகத்தால் அந்த மெத்தையை அழுத்துங்கள். வெடிப்பு விழுந்தாலோ தூள் உதிர்ந்தாலோ எறிந்துவிடுங்கள். உதிராவிட்டாலும் இங்கேயே இரண்டு மூன்று நாள் சுமையோடு நீண்ட தூரம் நடந்து பாருங்கள். ஒன்லைனில் ‘ஒருமுறைகூடப் போடாதது’ என்று விற்பவற்றுக்கும் இதே சோதனைதான்.

புதிது வாங்கினால் பின்னேரத்தில், தடித்த காலுறையோடு போட்டுப் பாருங்கள். இறக்கத்தில் விரல் முன்னால் முட்டக்கூடாது, அரை அளவு பெரிதாக எடுங்கள். தூங்கும் பையும் இறகு ஜக்கெட்டும் வாங்கத் தேவையில்லை, காத்மண்டுவின் தமேலில் வாடகைக்கு எடுக்கலாம். பையில் இரண்டு மூன்று வெப்பநிலை எழுதியிருக்கும், ‘கம்ஃபர்ட்’ என்ற எண்ணை மட்டும் பாருங்கள். ‘எக்ஸ்ட்ரீம்’ என்பது உயிர் தப்புவதற்கான எண், நித்திரைக்கானது அல்ல.

கேள்வி: ஹலால் சாப்பாடு கிடைக்குமா? — காத்தான்குடி

பதில்: மேலே மரக்கறியோடு நில்லுங்கள். சோறு, பருப்பு, கீரை, உருளைக்கிழங்கு எல்லா இடமும் உண்டு, முட்டையும் கிடைக்கும். லாங்டாங் பள்ளத்தாக்கில் மிருகம் அறுப்பதில்லை என்பது ஊர் வழக்கம். இறைச்சி கீழேயிருந்து நாட்கணக்கில் சுமந்து வருவது, யாருமே சாப்பிடாமல் இருப்பது நல்லது. டின் மீன் நாலைந்து கொண்டுபோகலாம், வெறும் டின்னைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

கேள்வி: எங்கள் ஊரில் மலையே இல்லை. எப்படிப் பயிற்சி எடுப்பது? டயமொக்ஸ் குளிசை போட்டால் சரியா? — திருக்கோவில்

பதில்: காலுக்குப் பயிற்சி எடுக்கலாம், உயரத்துக்கு இங்கே எடுக்க முடியாது. இலங்கையின் உயரமான மலை பீதுருதாலகாலையே 2,524 மீற்றர்தான். மூன்று மாதம், கிழமைக்கு மூன்று நாள், மாடிப்படியில் முக்கால் மணி நேரம் ஏறி இறங்குங்கள். நான்கு கிலோ பையோடு தொடங்கி எட்டுக்குக் கொண்டுவாருங்கள். முழங்கால் நோவது இறக்கத்தில்தான், லிஃப்டில் இறங்கிவிடாதீர்கள். கடற்கரை மணலில் நடப்பது கணுக்காலுக்கு நல்லது, இறக்கத்துக்கு உதவாது. கடைசி மாதத்தில் செங்கலடி – பதுளை வீதியால் போய், நமுனுகுலை மலையிலோ, மலையகத் தேயிலைத் தோட்டங்கள் வழியாகப் போகும் பீக்கோ நடைபாதையின் இரண்டு கட்டங்களிலோ அடுத்தடுத்து இரண்டு நாள் நடவுங்கள். முதல் நாளைவிட இரண்டாம் நாள் கால் என்ன சொல்கிறது என்பதுதான் முக்கியம்.

டயமொக்ஸ் உடம்பு உயரத்துக்குப் பழகுவதை வேகப்படுத்தும். வழமையான தடுப்பு அளவு 125 மில்லிகிராம், நாளுக்கு இருமுறை, ஏறுவதற்கு முந்திய நாள் தொடங்கி. சல்ஃபா மருந்து ஒத்துவராதவர்கள் கட்டாயம் வைத்தியரிடம் அதைச் சொல்ல வேண்டும். விரல் விறைக்கும், அடிக்கடி சிறுநீர் போகும், அதற்குப் பயப்படத் தேவையில்லை. தலையிடியோடு சத்தியோ தலைச்சுற்றோ இருந்தால், குளிசை போட்டிருந்தாலும் மேலே ஏறக்கூடாது. நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, விடியும்வரை காத்திராமல் துணையோடு கீழே இறக்குங்கள்.