கெட்டிமேளத்துக்கு முன்

அன்புள்ள அக்கா,

பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர். அப்பா நாயனம், நான் தவில். டிப்ளமோ முடித்துவிட்டு ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். முகூர்த்த நாட்களில் லீவு போட்டு வாசிக்கப் போவேன். வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் தவிலோடு இருந்துவிடலாமா என்று ஒரு வருஷமாக யோசனை. யூடியூப் சேனல் ஆரம்பித்தால் ஏதாவது வருமா? எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் செண்டை மேளம் வந்து நிற்கிறது, எங்களைப் போன்றவர்கள் என்ன செய்வது? போன தையில் வாசித்த ஒரு கல்யாணத்தில் 8,000 ரூபாய் மீதி நிற்கிறது, கேட்கக் கூச்சமாக இருக்கிறது. ‘கலைஞன் காசுக்கு வாய் திறக்கக் கூடாது’ என்பார் அப்பா. அவர் யாரிடமும் கேட்டதே இல்லை. பெயர் போட வேண்டாம்.

அன்புள்ள தம்பி,

கேள்வி மூன்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியாக இல்லாமல் போகிற போக்கில் சொன்ன நாலாவது விஷயம்தான் இரண்டு நாளாக மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்பா யாரிடமும் காசு கேட்டதே இல்லை என்கிறீர்கள். சரி, அப்படியானால் வீட்டில் உலை எப்படி வைத்தார்கள்? அம்மாவிடம் எப்போதாவது கேட்டீர்களா?

எங்கள் பெரியப்பா ஒத்து, அதாவது நாயனத்துக்குச் சுருதி பிடிக்கும் குழல், ஊதினவர். கன்னத்தில் காற்றை அடக்கிக்கொண்டு மூக்கால் மூச்சு வாங்கி, ராத்திரி முழுக்க ஒரே சுரத்தை அறாமல் பிடித்துக்கொண்டிருப்பார். நாயனக்காரருக்கு மாலை விழும், தவில்காரருக்குக் கைதட்டல். ஒத்துக்காரர் என்று ஒருவர் இருப்பது அவர் நிறுத்தினால்தான் தெரியும். எங்கள் செட்டில் அவருக்கு அரைப் பங்கு. பிறகு மின்சாரச் சுருதிப்பெட்டி வந்தது, அந்த அரைப் பங்கும் போயிற்று. கொஞ்ச நாள் தாளம் போட்டுக்கொண்டு கூடவே போனார். மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஃபேக்டரி, பங்குனி வெயிலில் புளி உடைத்துக் கொட்டை எடுக்கும் கூலி என்று மீதி நாட்கள் ஓடின.

அவரும் காசு கேட்க மாட்டார். ஒருமுறை மட்டும் பெரியம்மாவின் தொல்லை தாங்காமல் ஒரு கல்யாண வீட்டுக்கு மீதி வாங்கப் போனார், துணைக்கு நான். ஒன்பது வயது இருக்கும். வீட்டுக்காரர் மரியாதையாகத்தான் பேசினார். உள்ளே கூப்பிடவில்லை, திண்ணையில் உட்கார வைத்தார். மோர் வந்தது. “உங்க மேளம் மாதிரி இந்தச் சுத்துவட்டாரத்துலயே கேட்டதில்லைங்க” என்றார். பெரியப்பா அங்கேயே குளிர்ந்துவிட்டார். அப்புறம் மழை, ராகி விளைச்சல், மறுவீடு போன பெண் என்று ஒரு மணி நேரம் பேச்சு. திரும்பி வரும்போது எங்கள் கையில் ஒரு சீப்பு வாழைப்பழம் இருந்தது.

பெரியம்மா பழத்தைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. காரிமங்கலம் சந்தையில் அந்த மனிதர் மாட்டுக்கு விலை பேசிக்கொண்டிருந்த இடத்துக்கே போய் நின்றாள். “மாட்டுக்குக் காசு இருக்குது, மேளத்துக்கு இல்லையா?” சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்க்க, மனிதர் அங்கேயே எண்ணிக் கொடுத்தார். பெரியப்பாவுக்கு மானம் போய்விட்டதாம், இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அந்தக் காசில் வாங்கிய அரிசியை மட்டும் சாப்பிட்டார்.

ஊரில் பெரியப்பாவுக்குத் தங்கமான மனுஷர் என்று பேர். பெரியம்மாவுக்கு வாய்க்காரி என்று பேர். உங்கள் வீட்டிலும் ஒரு வாய்க்காரி இருந்திருப்பார் தம்பி. உங்களுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருப்பார், அவ்வளவுதான்.

இதெல்லாம் இன்றைக்கு வந்த வழக்கம் இல்லை. அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதையைத் தர்மபுரிக் குழந்தையும் சொல்லும். அதே அதியமான் பரிசில் தராமல் காலம் கடத்தியபோது ஔவை பாடியது புறநானூற்றில் 206-ஆம் பாட்டாக இருக்கிறது. அதை யாரும் குழந்தைக்குச் சொல்வதில்லை. வாயிற்காவலனைக் கூப்பிட்டு, உங்கள் அதியமான் அஞ்சி தன்னை அறியாதவனா, இல்லை என்னை அறியாதவனா என்று கேட்கிறாள். வாத்தியத்தைத் தோளில் மாட்டியாயிற்று, பையைக் கட்டியாயிற்று, கிளம்புகிறேன் என்கிறாள். கோடரி பிடித்த தச்சன் பிள்ளைகளுக்குக் காட்டில் மரத்துக்கா பஞ்சம், ‘எத்திசைச் செலினும் அத்திசைச் சோறே’ என்று முடிக்கிறாள். பரிசில் முன்னே பின்னே ஆனாலும் யானை கொம்பிடையில் வைத்த கவளம் போலக் கைக்கு வந்துவிடும் என்று 101-ஆம் பாட்டில் அவனைக் கொண்டாடியவளும் அவள்தான். பிரியம் இருந்தது, அதற்காகக் கேட்காமல் இருக்கவில்லை. கடையெழு வள்ளல்களில் ஒருவனிடமே வாசலில் நின்று கேட்க வேண்டியிருந்தது என்றால் உங்கள் 8,000 ரூபாய்க்காரர் எம்மாத்திரம்?

ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கிறீர்களா? கல்யாண மண்டபத்தில் சமையல்காரருக்கு எங்கேயாவது பாக்கி நிற்கிறதா? அதிகம் பார்த்திருக்க மாட்டீர்கள். அவர் கையில் மத்தியானப் பந்தி இருக்கிறது. அவர் முகம் சுளித்தால் சாம்பார் வராது. உங்கள் வேலை தாலி ஏறியதோடு தீர்ந்தது. காலை ஏழரை மணிக்கு மேல் அந்த மண்டபத்தில் உங்களால் யாருக்கும் ஒரு காரியமும் ஆக வேண்டியதில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் நீங்கள் தவிலுக்கு உறை போட்டுக்கொண்டு, பணப்பை வைத்திருக்கும் மாமா கண்ணில் படுவாரா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள். அவர் மொய் எழுதும் இடத்தில் இருப்பார், இல்லாவிட்டால் மாப்பிள்ளை வீட்டாரைச் சமாதானப்படுத்திக்கொண்டிருப்பார். அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. அந்த நேரத்தில் அவரை அவசரப்படுத்துகிறவர்கள் வரிசையில் நீங்கள் இல்லை, அவ்வளவுதான். “ஒரு வாரம் கழிச்சு வாங்க தம்பி” என்பார். ஒரு வாரத்தில் கல்யாணக் கடன் எல்லாம் கழுத்துக்கு வந்துவிடும். வட்டிக்காரர் முந்திக்கொள்வார், நீங்கள் பின்னுக்குப் போவீர்கள்.

ஆகவே அச்சாரம் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்: முதல் நாள் ராத்திரி பெண் அழைப்பு முடிந்ததும் மீதி முழுக்க வந்துவிட வேண்டும். சிரித்துக்கொண்டே சொல்லுங்கள், ஆனால் சொல்லுங்கள். கெட்டிமேளம் பாக்கி இருக்கிற வரைக்கும்தான் உங்கள் சொல்லுக்கு மதிப்பு. இதைச் சொன்னால் கலை தீட்டுப்பட்டுவிடும் என்றால், பந்தலுக்கு வாடகை வாங்குகிறவர் என்ன பாவம் செய்தார்?

உங்கள் மற்றக் கேள்விகள். செண்டை மேளக்காரர்கள் மேல் பழி போடாதீர்கள், அவர்களும் மீதிக்காகக் காத்து நிற்கிறவர்கள்தான். யூடியூபில் விளம்பரக் காசு வர 1,000 சந்தாதாரரும் வருஷத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அதுவும் சினிமாப் பாட்டாக வாசித்து ஏற்றினால் அந்தக் காசு பாட்டுக் கம்பெனிக்குப் போகலாம். ஆசைக்கு ஏற்றுங்கள், அதை நம்பி உலை வைக்காதீர்கள். கம்பெனி வேலையை விடலாமா என்றால், ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்று மாதமும் முகூர்த்தம் இல்லாத தொழில் இது. விட வேண்டாம், இப்போதைக்கு.

அப்பாவுக்கு 58 வயது ஆகிவிட்டதா? நலிந்த கலைஞர்களுக்குத் தமிழ்நாடு அரசின் இயல் இசை நாடக மன்றம் வழியாக மாதம் 3,000 ரூபாய் உதவி இருக்கிறது. விண்ணப்பம் போட்டுக் கேட்டால்தான் வரும். அப்பா போட மாட்டார் என்று நினைக்கிறேன். நீங்கள் எழுதி அவரிடம் கையெழுத்து மட்டும் வாங்குங்கள்.

அந்த 8,000 ரூபாய்க்கு வரும் ஞாயிற்றுக்கிழமையே போங்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். தவிலை எடுத்துப் போக வேண்டாம், பேச்சோடு பேச்சாக ஒரு பாட்டு வாசிக்கச் சொல்லிவிடுவார்கள்.

அன்புடன்,
அக்கா