கிரெப், ஆக், பிஃப்: இதெல்லாம் ஒரு பெயரா?

கருப்புத் திரையில் கட்டளை அடித்தே இருபது வருடம் சம்பளம் வாங்கியவன் என்பதால், குழுவில் இந்த வாரக் கேள்விகளை என் தலையில் கட்டிவிட்டார்கள். வந்தவற்றில் பாதி, லினக்ஸ் கட்டளைகளைப் பார்த்து ‘இந்தப் பெயரை எவன் வைத்தான்’ என்று கேட்கும் ரகம். அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

லினக்ஸ் வகுப்பில் முதல் நாளே எல்எஸ், சிபி, எம்வி, ஆர்எம் என்று பலகையில் எழுதிப் போட்டார்கள். லிஸ்ட், காப்பி, மூவ், ரிமூவ் என்று முழுசாக வைத்தால் யாருக்கு என்ன நஷ்டம் சார்? (மாணவி, திருநெல்வேலி)

விரலுக்குத்தான் நஷ்டம். இந்தப் பெயர்கள் லினக்ஸ் என்ற இயங்குதளத்துக்கு அதன் மூத்த தலைமுறையான யூனிக்ஸிடமிருந்து வந்தவை. யூனிக்ஸ் 1969-இல், அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் மர்ரே ஹில் என்ற ஊரில் இருந்த பெல் ஆய்வகத்தில் பிறந்தது. அதை உருவாக்கிய கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் டெலிடைப் என்ற தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்துதான் வேலை பார்த்தார்கள். திரையே கிடையாது. நீங்கள் அடிப்பதும் கணினி சொல்வதும் காகிதச் சுருளில் அச்சாகும். மாடல் 33 டெலிடைப்பின் வேகம் வினாடிக்கு 10 எழுத்து. 72 எழுத்துள்ள ஒரு முழு வரி அச்சாக 7 வினாடிக்கு மேல். விசைகளையும் நன்றாக அழுத்திக் குத்த வேண்டும். நாள் முழுக்க அடித்தால் விரல் கெஞ்சும்.

தந்தி காலத்துப் பெரியவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். அங்கே சொல்லுக்குக் காசு. இங்கே எழுத்துக்கு நேரம்.

நிரல்கள் ஊமையாக இருப்பதற்கும் இதே பழக்கம்தான் காரணம். ஒரு கோப்பை நகலெடுத்தால் ‘நகலெடுத்தாயிற்று’ என்று யூனிக்ஸ் சொல்லாது. ‘எட்’ என்ற பழைய எடிட்டர் இன்னும் மோசம். நீங்கள் என்ன தப்பு செய்தாலும் அதன் பதில் ஒரே ஒரு கேள்விக்குறி. அதற்கு மேல் காகிதத்தை வீணாக்காது.

கிரெப் என்றால் என்ன அர்த்தம்? அகராதியில் தேடினேன். (பிழைதிருத்துநர், மதுரை)

இப்போது ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே இருக்கிறது. ஆனால் அது சொல்லாகப் பிறக்கவில்லை. மேலே சொன்ன எட் எடிட்டரின் ஒரு கட்டளைதான் அது. எட்டில் ஒரு கோப்பு முழுக்கத் தேடி, பொருந்தும் வரிகளை மட்டும் அச்சிட ‘ஜி/ஆர்இ/பி’ என்ற வடிவில் அடிப்பார்கள். ஜி என்றால் குளோபல், கோப்பு முழுக்க. நடுவில் ஆர்இ இருக்கும் இடத்தில் உங்கள் ரெகுலர் எக்ஸ்பிரஷன், அதாவது தேடும் வடிவம். பி என்றால் பிரிண்ட். சாய்கோடுகளை எடுத்துவிட்டு ஒரே மூச்சில் படித்தால் கிரெப்.

இது தனிக்கருவி ஆன கதையை அதே பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்த பிரையன் கெர்னிகன் சொல்லியிருக்கிறார். பெல் ஆய்வகத்தில் லீ மெக்மேன் என்று ஒருவர். 1787-88-இல் அமெரிக்க அரசியல் சாசனத்தை ஆதரித்துப் புனைபெயரில் வெளிவந்த 85 கட்டுரைகளில் எதை யார் எழுதியது என்று சொற்களை வைத்தே கண்டுபிடிக்க முயன்றார். எட் ஒரு கோப்பை மொத்தமாக நினைவகத்தில் ஏற்றிக்கொண்டுதான் தேடும். கட்டுரைத் தொகுப்போ அதற்குள் அடங்கவில்லை. தாம்சன் எட்டிலிருந்து தேடும் பகுதியை மட்டும் உருவியெடுத்து, வரி வரியாகப் படிக்கும் தனி நிரலாக்கினார். யூனிக்ஸ் கையேட்டில் கிரெப் 1973-இல் ஏறியது. யார் எழுதியது என்று தெரியாத பழைய பாடல்களோடு மல்லுக்கட்டும் நம் ஆய்வாளர்கள் இந்தக் கருவிக்கு முதல் உறவு என்றே எனக்குத் தோன்றும்.

ஆக்? (ஒரே சொல்லில் கேட்டவர், ஊர் தெரியவில்லை)

கோப்பை வரி வரியாகப் பிரித்து மேய உதவும் சிறு மொழி அது. ஆஹோ, வைன்பெர்கர், கெர்னிகன். எழுதிய மூவரின் முதல் எழுத்துகள், 1977. உ.வே.சா., தி.ஜா. என்று இனிஷியலால் ஆளைச் சொல்லும் நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

வேலைக்கான நேர்காணலில் ‘பிங்’ விரிவாக்கம் கேட்டார்கள். தெரியவில்லை என்றேன். ‘பாக்கெட் இன்டர்நெட் க்ரோப்பர், இது கூடத் தெரியாதா’ என்றார் ஒருவர். வேலையும் கிடைக்கவில்லை. (பொறியியல் பட்டதாரி, ஓசூர்)

தம்பி, நீங்கள் சொன்னதுதான் சரி. வலையில் இன்னொரு கணினி பதில் தருகிறதா என்று பார்க்கும் கட்டளைதான் பிங். அது சுருக்கப் பெயரே கிடையாது. பிங் எழுதிய மைக் மூஸ் அமெரிக்க ராணுவத்தின் ஆய்வகம் ஒன்றில் வேலை பார்த்தவர். 1983 டிசம்பரில் வலையமைப்பு ஏதோ தகராறு செய்ய, ஒரே மாலையில் இதை எழுதி முடித்தார். நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் ‘பிங்’ என்று ஒலி அனுப்பி எதிரொலிக்குக் காத்திருக்கும் அல்லவா, அந்த ஓசையைத்தான் பெயராக வைத்ததாக அவரே எழுதி வைத்திருக்கிறார். விரிவாக்கம் பின்னால் வேறொருவர் பொருத்தியது.

குழந்தைக்குப் பெயர் வைத்த பிறகு ஜாதகம் எழுதும் இந்த வேலை கணினித் துறையில் நிறைய நடக்கிறது. பெயரைக் கேட்டதும் நாலு எழுத்துக்கும் நாலு சொல் கண்டுபிடித்து, அதையே வினாத்தாளிலும் போட்டுவிடுவார்கள்.

டிடி கட்டளைக்கு ‘டிஸ்க் டிஸ்ட்ராயர்’ என்று எங்கள் சீனியர் சொன்னார். உண்மையா?

பெயர்க்காரணம் பொய், குணம் உண்மை. ஒரு வட்டிலோ கோப்பிலோ இருப்பதை அப்படியே இன்னொன்றில் எழுதும் கட்டளை இது. ஐபிஎம் பெருங்கணினிகளில் வேலைகளை விவரிக்க ஜேசிஎல் என்ற மொழி இருந்தது. அதில் டிடி என்று ஒரு கூற்று உண்டு: டேட்டா டெஃபினிஷன். யூனிக்ஸின் டிடி அதிலிருந்துதான் பெயரை எடுத்தது. மற்ற கட்டளைகளெல்லாம் கோடு போட்டு விருப்பம் கேட்கும்போது, இது மட்டும் ‘ஐஎஃப்=’ (எதிலிருந்து), ‘ஓஎஃப்=’ (எதற்கு) என்று சமக்குறியோடு நிற்பதும் அந்த ஜேசிஎல் நடையைக் கிண்டல் செய்வது போலத்தான். ‘கன்வெர்ட் அண்ட் காப்பி, சிசி என்ற பெயர் போய்விட்டதால் டிடி’ என்று இன்னொரு கதையும் சுற்றுகிறது. அதுவும் பிறகு ஒட்டியது.

குணம் பற்றிச் சொன்னேனே, அது அனுபவம். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், பென் டிரைவில் இருந்ததை வட்டுக்கு எழுதுவதாக நினைத்துக்கொண்டு ஐஎஃப் இடத்தில் ஓஎஃப் போட்டேன். யூனிக்ஸ் வழக்கப்படி ஒரு வார்த்தை கேட்கவில்லை. திரும்ப எடுக்க வேண்டிய தரவு அந்தப் பென் டிரைவில்தான் இருந்தது.

எங்கள் பிள்ளைக்கு கேட் என்றால் பூனைதான். லெஸ், மோர் எல்லாம் என்ன? (வீட்டிலிருந்தே லினக்ஸ் கற்கும் அம்மா, ஈரோடு)

கேட் என்பது கான்கேட்டனேட், அதாவது ஒன்றன்பின் ஒன்றாகக் கோப்பது. பல கோப்புகளைக் கோத்துக் காட்டத்தான் அது வந்தது. ஒரே கோப்பைக் காட்டவும் பயன்படுகிறது. கடைசி வரியிலிருந்து தலைகீழாகக் காட்டும் கட்டளைக்குப் பெயர் டாக். கேட்டைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

மோர் நம் நீர்மோர் அல்ல. நீளமான கோப்பை ஒவ்வொரு திரையாக நிறுத்திக் காட்டி, கீழே ‘இன்னும் இருக்கிறது’ என்ற பொருளில் மோர் என்று எழுதிக் காட்டும். 1978-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எழுதப்பட்டது. முன்னால் மட்டும்தான் போகும் என்பது அப்போது அதன் குறை. பின்னாலும் போகும் ஒன்றை மார்க் நுடெல்மன் 1980-களில் எழுதி, வேண்டுமென்றே லெஸ் என்று பெயர் வைத்தார். ஆங்கிலத்தில் ‘குறைவே நிறைவு’ என்று ஒரு வழக்கு உண்டு. அதை வைத்த சிலேடை. நடைமுறையில் லெஸ்தான் மோரைவிட அதிகம் செய்கிறது.

சூடோவா, சூடூவா? அலுவலகத்தில் சண்டையே வருகிறது.

ஒரு கட்டளையை சூப்பர்யூசராக, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகியாக ஓட்டுவதற்கானது இது. சூப்பர்யூசரைக் குறிக்கும் ‘சூ’வோடு ‘டூ’ சேர்ந்தது. ஆகவே சூடூ. நான் ‘சூடு’ என்றே சொல்கிறேன். கையைச் சுடும் என்ற எச்சரிக்கையும் அதிலேயே இருக்கிறது.

ஷெல் ஸ்கிரிப்டில் இஃப்-ஐ எஃப்ஐ முடிக்கிறது, கேஸ்-ஐ எசாக் முடிக்கிறது. திருப்பிப் போட்டால் முடிவு என்று புரிந்துகொண்டேன். அப்படியானால் டூ-வை ஓடி அல்லவா முடிக்க வேண்டும்? ஏன் டன்? (மென்பொருள் பணியாளர், கோவை)

இவ்வளவு கவனமாகப் பார்த்தீர்களே, அதற்கே ஒரு சபாஷ். நாம் அடிக்கும் கட்டளையை வாங்கி ஓட்டும் நிரல்தான் ஷெல்; கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த கோப்பு ஸ்கிரிப்ட். ஸ்டீவன் போர்ன் என்பவர் எழுதிய ஷெல் இது. 1979-இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வெளிவந்தது. அவருக்கு அல்கால் 68 என்ற மொழி மேல் பிடிப்பு. அந்த மொழியில் இஃப்-க்கு எஃப்ஐ, டூ-வுக்கு ஓடி என்று எல்லாம் முறையாகத் திரும்பும். ஆனால் யூனிக்ஸில் ஓடி என்று ஒரு கட்டளை ஏற்கெனவே இருந்தது: ஆக்டல் டம்ப், கோப்பின் உள்ளடக்கத்தை எட்டடிமான எண்களாகக் கொட்டிக் காட்டுவது. இடத்தைப் பிடித்தவன் எழுந்திருக்கவில்லை. வந்தவர் டன் என்று போட்டுக்கொண்டார்.

பிஃப் என்று ஒரு பழைய கட்டளை பற்றிப் படித்தேன். நாயின் பெயராமே?

நாயேதான். 1980 வாக்கில் பெர்க்லியில் மாணவி ஒருவரோடு வளாகமெங்கும் திரிந்த நாய். மின்னஞ்சல் வந்தால் அறிவிக்கும் நிரலுக்கு அதன் பெயரை வைத்தார்கள். தபால்காரரைக் கண்டால் குரைக்கும், அதனால்தான் இந்தப் பெயர் என்று அழகான விளக்கம் ஒன்று உலவுகிறது. நிரலை எழுதியவரே அதை மறுத்துவிட்டார். நாய் பிடித்திருந்தது, பெயர் வைத்தார்கள்.

டீ? குடிக்கிற டீயா? (பிளம்பிங் கடைக்காரரின் மகன், ராணிப்பேட்டை)

உங்கள் கடையிலேயே இருக்கிறது. ஒரு பக்கம் வரும் தண்ணீரை இரண்டாகப் பிரிக்கும் டீ. யூனிக்ஸில் ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொன்றுக்குக் கொடுப்பதற்குப் பைப் என்று பெயர். அந்தப் பைப்பில் நடுவே டீ போட்டால், போகிற தரவு போய்க்கொண்டே இருக்கும், ஒரு நகல் கோப்பிலும் விழும். எல்போ மட்டும்தான் பாக்கி.

கட்டளைகளுக்குத் தமிழில் பெயர் வைக்க முடியுமா? (தமிழாசிரியர், தஞ்சாவூர்)

தாராளமாக. லினக்ஸில் கோப்புப் பெயருக்குள் சாய்கோடும் பூஜ்ய பைட்டும் மட்டும்தான் கூடாது. ‘பார்’ என்று ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதி, அதற்கு இயக்க அனுமதி கொடுத்து, பாத்தில், அதாவது ஷெல் கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியலில் உள்ள அடைவு ஒன்றில் வைத்துவிட்டால் ‘பார்’ என்று அடித்தாலே ஓடும். ஒரு பெயருக்கு எல்லை 255 பைட். யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் எடுக்கும், புள்ளியும் துணைக்காலும் தனித்தனியாகக் கணக்கில் வரும் என்பதை மறக்க வேண்டாம். நானும் ஒரு மாதம் ஆசையாக வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் விசைப்பலகையை மாற்றி மாற்றி, கடைசியில் எல்எஸ்ஸுக்கே திரும்பிவிட்டேன். டெலிடைப் ஆட்களை அதன் பிறகு திட்டுவதில்லை.

அவசரம் சார். எல்எஸ் அடித்தேன், திரையில் ஒரு நீராவி ரயில் ஓடுகிறது. வைரஸா? (புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர், சென்னை)

நீங்கள் அடித்தது எஸ்எல். எழுத்து மாறிவிட்டது. அப்படி அவசரத்தில் அடிப்பவர்களுக்காகவே ஜப்பானியர் ஒருவர் 1993-இல் எழுதிய நிரல் அது. எஸ்எல் என்றால் ஸ்டீம் லோகோமோட்டிவ். தானாக வந்து உட்காராது, பக்கத்து இருக்கைக்காரர் யாரோ நிறுவியிருக்கிறார். கண்ட்ரோல்-சி அடித்துப் பயனில்லை. ரயில் போகட்டும், கேட் திறக்கும்.