போர்ச்சுகலில் டால்பின், கடற்குகை பார்க்கும் படகுப் பயணத்துக்கு வயதான பெற்றோரை அழைத்துப் போகலாமா?

லிஸ்பனில் வேலை பார்க்கும் நீங்கள், ஊரிலிருந்து வரும் அறுபது கடந்த பெற்றோரை நாட்டின் தென்கோடியில் உள்ள அல்கார்வ் கடற்கரையில் டால்பின்களையும் கடற்குகைகளையும் காட்டும் படகில் ஏற்றலாமா, அது கொடுக்கும் பணத்துக்குத் தகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிருஷ்ணகிரியில் முப்பது ஆண்டுகளாகக் கிரானைட் தொழிலில் இருக்கும் நானும் என் மனைவியும், போர்ச்சுகலில் வேலை பார்க்கும் மகன் அழைத்ததன் பேரில், சென்ற செப்டம்பரில் இதே பயணம் போய் வந்தோம். ஆகவே உங்கள் பெற்றோரின் இடத்தில் இருந்தே பதில் சொல்கிறேன். தாராளமாக அழைத்துப் போங்கள். ஆனால் எந்தப் படகு என்று விசாரிக்காமல் பணம் கட்டாதீர்கள்.

எங்களுக்கு அதில்தான் சறுக்கியது. மகன் பதிவு செய்திருந்தது காற்றடைத்த ரப்பர் விளிம்பு கொண்ட விரைவுப் படகு. அதில் குதிரைமேல் அமர்வதுபோல் இருபுறமும் கால் போட்டு உட்கார்ந்து, முன்னால் உள்ள கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். முதுகுவலி உள்ளவர்களை ஏற்ற மாட்டோம் என்பதைப் படகுத்துறைக்குப் போன பிறகுதான் சொன்னார்கள். இடுப்புத் தேய்மானம் உள்ள என் மனைவி கரையிலேயே நின்றுவிட்டார். அவருக்குக் கட்டிய பணமும் திரும்பவில்லை. ஏறிய நானோ இரண்டு நாள் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஒகேனக்கல் பரிசலில் போய்ப் பழகியவர்கள்தானே என்று எண்ண வேண்டாம். பரிசல் சுழலும், இது குதிக்கும்.

மறுநாள் மனைவியைப் பெரிய கேட்டமரானில், அதாவது இரண்டு அடிப்பாகங்களை இணைத்துக் கட்டிய அகலமான படகில், அழைத்துப் போனேன். நம் கட்டுமரத்தின் பெயரைத்தான் ஐரோப்பியர்கள் அப்படி ஆக்கிக்கொண்டார்கள் என்று சொன்னபோது, பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரத் தம்பதியர் நம்பவில்லை. சாய்ந்து உட்கார இருக்கையும் கழிவறையும் அதில் இருந்தன. ஒரே குறை, அது குகைக்குள் நுழையாது. வாயிலுக்கு வெளியே நிறுத்தித்தான் காட்டுவார்கள்.

டால்பின்களைப் பற்றி ஒன்றை முதலிலேயே பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள். அவை காட்டு விலங்குகள், கட்டாயம் வரும் என்று யாரும் உறுதி தர முடியாது. முதல் நாள் கரை மங்கித் தெரியும் தூரம் வரை போய், நாற்பது நிமிடம் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு ஓரிடத்தில் கடற்பறவைகள் செங்குத்தாகப் பாய்வதைக் கண்ட வழிகாட்டிப் பெண், அங்கே மீன்கூட்டம் இருக்கிறது, ஓங்கில்களும், அதாவது டால்பின்களும், இருக்கலாம் என்றார். இருந்தன. விலாவில் உடுக்கையைப் படுக்க வைத்ததுபோல் ஒரு பாதி இளமஞ்சளும் மறு பாதி சாம்பலுமாக நிறம் கொண்ட இனம் அது. படகு 30 மீட்டருக்குமேல் நெருங்கக் கூடாது, ஒரே கூட்டத்தைச் சுற்றி மூன்று படகுகளுக்குமேல் நிற்கக் கூடாது என்பது அந்நாட்டுச் சட்டம் என்று அவர் விளக்கிக்கொண்டிருந்தபோதே, சட்டம் தங்களுக்கு இல்லை என்பதுபோல் நான்கைந்து ஓங்கில்கள் தாமாகவே வந்து படகின் முகப்பு அலையில் சறுக்கத் தொடங்கின. மூச்சு விடும் ஓசை கேட்கும் அளவுக்கு அருகில் இருந்தன. மறுநாள் கேட்டமரானில் ஒன்றும் தென்படவில்லை.

குகைகள் ஏமாற்றாது. அவற்றை நான் சுற்றுலாப் பயணியாகப் பார்க்கவில்லை, கல்காரனாகவே பார்த்தேன். எங்கள் ஊர்ப் பாறை சுமார் 250 கோடி ஆண்டு பழையது; வைரக் கம்பி கொண்டு அறுத்தாலும் பொறுமையைச் சோதிக்கும். அல்கார்வின் சுண்ணாம்புக்கல்லோ ஏறத்தாழ 2 கோடி ஆண்டுக்குள் கடலடியில் படிந்தது. மஞ்சளும் செம்மையுமாக அடுக்கடுக்காக இருக்கும் அதற்குள் சிப்பி ஓடுகள் அப்படியே பதிந்திருக்கின்றன. கரையில் உதிர்ந்து கிடந்த ஒரு துண்டை நகத்தால் கீறினேன், பொடியாகக் கொட்டியது. இத்தகைய கல்லை அலை கீழிருந்து குடைகிறது. மண்ணில் ஊறி லேசாக அமிலத்தன்மை பெற்ற மழைநீர் மேலிருந்து கரைக்கிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் கூரை திறந்துகொள்கிறது. புகழ்பெற்ற பெனாகில் குகையின் உச்சியில் கண்போல் தெரியும் திறப்பு அப்படி உண்டானதுதான். அதன் வழியே இறங்கும் வெயில் உள்ளே உள்ள மணல்மேல் வட்டமாக விழுகிறது. அந்த மணலில் இறங்குவதற்கும் குகைக்கு நீந்திப் போவதற்கும் 2024 முதல் தடை இருப்பதால், சிறிய படகில் போனாலும் உள்ளே நுழைந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

படகைவிட எனக்கு அச்சம் தந்தது அந்தக் கரைதான். வெயிலுக்கு ஒதுங்கப் பலரும் குன்றின் அடி நிழலில் துண்டு விரித்துப் படுக்கிறார்கள். 2009 ஆகஸ்டில் அல்புஃபெய்ரா அருகே மரியா லூயிசா கடற்கரையில் இதே கல் சரிந்து ஐந்து பேர் இறந்தார்கள். பெற்றோரை அங்கே உட்கார வைக்காதீர்கள். வெயிலில் குடை பிடித்தாலும் குற்றமில்லை.

பிற்பகலில் காற்று எழும்பும் என்பதால் காலைப் படகையே பதிவு செய்யுங்கள். வாந்தி வராமலிருக்க மாத்திரையை ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கொடுத்துவிடுங்கள். செப்டம்பரிலும் நடுக்கடலில் குளிர் அடித்ததால் அம்மாவுக்கு ஸ்வெட்டர் வேண்டும். கேட்டமரானில் எல்லோரும் முகப்புக்குத்தான் ஓடுவார்கள்; ஆட்டம் குறைவாக இருப்பது நடுப்பகுதி. அங்கே இடம் பிடித்து உட்கார வைத்துவிட்டு, குகை வரும்போது மட்டும் கையைப் பிடித்து முன்னால் அழைத்து வாருங்கள்.